பாஸான கடலை

வேர்க்கடலையில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கள்ளக்குறிச்சியில் எனக்கு வேலை. அதனாலேயே என் வீட்டில் வேர்க்கடலை கிடையாது. ஈரத்தில் கிடந்த கடலையில் உண்டாகும் அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. இது தெரியாத அம்மாக்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தெரிந்து தொலைத்த என்னைப் போன்றவர்களுக்காக, மகள் கண்ணயர்ந்ததும் இதை எழுதுகிறேன். யூகேஜி படிக்கும் அவளுக்கோ கடலை என்றால் உயிர்.

குத்தூசி

தியாகதுருகத்து விவசாயி ஒருவர் துண்டில் ஒரு கை கடலை முடிந்து வந்தார். எல்லாம் முத்து முத்தாக.

"பொறுக்கி எடுத்ததாங்க?"

"பின்ன, ஆபீசுக்குச் சொத்தையவா எடுத்தாருவாங்க?"

கெட்டது மூட்டையில் எங்கே ஒளிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர் வண்டிக்கே போய், மூட்டைகளில் குழல் போன்ற குத்தூசியை மேலே, நடுவே, அடியில் என்று செருகிச் செருகிக் கடலை எடுத்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"மெதுவா குத்தும்மா, எம் பொண்ணுக்குக்கூட இவ்ளோ ஊசி போட்டதில்ல."

கோடு

கடலையை அரைத்து, கரைத்து, வடித்த சாற்றில் சின்னச் சோதனைப் பட்டை ஒன்றை நிறுத்துவோம். இரண்டு கோடு வந்தால் நஞ்சு வரம்புக்குள். ஒரே கோடு என்றால் சரக்கு போச்சு. மண்டி வைத்திருக்கும் பாய் ஒருவர் எட்டிப் பார்த்தார். இரண்டு கோடு. முகம் வெளுத்துவிட்டது. நல்ல சேதிதான் பாய் என்றேன்.

"நாலு புள்ள பெத்தவன்மா நானு, ரெண்டு கோட்டப் பாத்தாலே கையி நடுங்குது."

ஒரு பை

வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டும் என் கணவருக்கு யாரோ ஒரு பை கடலைக்காய் கொடுத்தார்கள்; அவர் வாயில் அது மல்லாட்ட. பறித்துப் பரண்மேல் வைத்தேன். மகள் அழுது அடம்பிடித்து, கீழே சிதறிய ஒன்றைக் கைக்குள் மூடிக்கொண்டே தூங்கிவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் மேலாளரிடம் சொல்லிவிட்டுப் பையைச் சோதனைக்கு எடுத்துப்போனேன். கான்வென்ட் சிஸ்டர்கள் வளர்த்த பெண் நான், எனக்கு அரைகுறையாகச் செய்ய வருமா? பையில் இருந்ததை எல்லாம் உரித்து அரைத்தேன். பளிச்சென்று இரண்டு கோடு! பறந்து வந்தேன்.

"பாஸ் பண்ணிக்கினு வந்த, சரி. மல்லாட்ட எங்கடி?" என்று என் கணவர் காலிப் பையை உதறினார். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மகள் பென்சில் டப்பாவைத் திறந்து, நேற்றைய அந்த ஒற்றைக் கடலையை நீட்டினாள்.

"அப்ப இதுவும் பாஸ்தானே மம்மி?"

ஒரு கைப்பிடியைப் பார்த்துவிட்டு மூட்டையையே நம்பச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு பையையே அரைத்துப் பார்த்த பிறகும் ஒற்றைக் கடலையை நம்பாமல் இருக்க முடியுமா, உரித்துக் கொடுத்துவிட்டேன்.