வடக்குச் சுவரோரம் ஓர் ஆள் இடைவெளி

ஆஷ்மியர் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலின் வடக்குப் பக்க மண்டபத்தைக் கட்டிய கம்பளி வியாபாரிமீது ஹெஸ்டர் லார்வுட்டுக்கு ஒரு சின்னக் கோபம் உண்டு. அவன் செத்து ஐந்நூறு வருடம் ஆகியிருக்கும். "காசு கொழுத்துப் போய்க் கட்டிட்டான். பெருக்குறது யாரு?" என்பாள்.

அவனுக்கு முன்னால் அங்கே இருந்தவை ஓர் உருண்டைக் கோபுரமும், அதையொட்டிய குறுகலான கூடமும்தான். வயலில் பொறுக்கிய சக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்பில் பதித்து எழுப்பியவை. மூலைக்கு வைக்க நல்ல கல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் கிடைக்காது. அதனால் கோபுரத்துக்கு மூலையே வைக்கவில்லை. ஹெஸ்டருக்குக் கோபுரத்தைத்தான் பிடிக்கும். மூலை இல்லாத இடத்தில் தூசி தங்குவதில்லை.

அவள் பிறந்தது மெதடிஸ்ட் சபைக் குடும்பத்தில். அவர்களுக்குத் தனி ஜெபக்கூடம் உண்டு; இந்தக் கோயில் பக்கம் வரமாட்டார்கள். இந்தக் கோயிலுக்கு வருகிற வண்டித் தச்சன் ஒருவனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். அண்ணன் வால்டர் கெட்ஜ் கல்யாணத்தன்று கோயில் மதிலுக்கு வெளியிலேயே நின்றான். தச்சன் போய்ச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். அண்ணன் தங்கைக்குள் பேச்சு, சிரிப்பு, தோட்டத்து முட்டைக்கோஸ் எல்லாம் உண்டு. மதிலுக்குள் கால் வைப்பது மட்டும் கிடையாது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, ஊரார் கைகோத்துக் கோயிலைச் சுற்றி நின்று அதை அணைப்பார்கள். முகம் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். வளையம் மூடினால்தான் பாட்டு. முழு வளையமும் யார் கண்ணிலும் படாது. பக்கத்துக் கை கிடைத்ததும் "சேர்ந்தாச்சு" என்று சொல்ல, அந்தக் குரல் ஒருவர் மாற்றி ஒருவராகச் சுற்றி வரும். வளையம் மூடாத வருடம் ஹெஸ்டரின் நினைவில் இல்லை.

இந்த முறை இரண்டு குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டிருந்தன. வடக்குச் சுவரோரம், அடைபட்ட பழைய கதவுக்கு எதிரில் நின்ற ஹெஸ்டரின் இடக்கை காலியாக இருந்தது. அந்தப் பக்கம் அடுத்து நின்ற ரொட்டிக்கடைக்கார ஆலிவ் கை நீட்டியும் எட்டவில்லை. நடுவில் ஓர் ஆள் இடைவெளி.

தெற்கிலிருந்து பாதிரியார் குரல் கொடுத்தார்: "சேர்ந்தாச்சா?"

"ஆச்சுன்னு சொல்லிடுக்கா," என்றாள் ஆலிவ். "யாரு எட்டிப் பாக்கப் போறா? டீ ஆறுது."

"நான் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்?"

வழக்கம்போல வால்டர் மதிலில் சாய்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இங்க வா."

"போடி. கல்லைக் கும்பிட நான் வரமாட்டேன்."

"கும்பிட யாரு கூப்பிட்டா? கையை மட்டும் குடு."

"நம்ம அப்பா குழியிலேருந்து எந்திரிச்சு வந்துருவாரு."

"வரட்டும். அவரையும் கோத்துக்கலாம். ஆளுதான் பத்தலையே!"

ஆலிவ் சிரித்த சிரிப்பில் அவள் தொப்பி கழன்றது. வால்டர் புகைக்குழாயை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். வாசல் வழியாக வரவில்லை. மதிலைத் தாண்டி வந்தான். இடைவெளியில் நின்று, கோயிலுக்கு முதுகைக் காட்டியபடி இரண்டு பேரின் கையையும் பிடித்தான்.

"கை குடுக்குறேன். அதைப் பாக்க மாட்டேன்."

"உன் முதுகு பாத்துக்கும். சேர்ந்தாச்சு!" என்று ஹெஸ்டர் கத்தினாள்.

குரல் கோபுரத்தைச் சுற்றிப் போனது. பாட்டு எழுந்தது. சபையிலும் பாடுகிற பாட்டுதான். வால்டர் அறுத்த வயலைப் பார்த்தபடி எல்லாரையும்விட உரக்கப் பாடினான்.

திங்கட்கிழமை ஹெஸ்டர் தூசி பறக்காமலிருக்க ஈரத் தேயிலையைத் தரையில் தூவி, வடக்கு மண்டபத்தைப் பெருக்கினாள். அண்ணன் பிடித்த பிடியில் இடக்கை இன்னும் வலித்தது. வியாபாரியை அன்று திட்டவில்லை. அவன் இதைக் கட்டாமல் சும்மா இருந்திருந்தால், சுற்றளவு குறைந்து, வால்டர் இல்லாமலே வளையம் மூடியிருக்கும்.