ஒன்றும் நடக்காத விளையாட்டுக்கு இரண்டு ஸ்டார்

போன வாரம் என் மருந்துக் கடைக்கு ஒரு பெண் வந்தார். டாக்டர் சீட்டைத் தரப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் கொடுத்தது இந்தப் பத்தியை!

மூன்று வாரம் முன்பு நான் எழுதிய பக்கம். பத்திரிகையிலிருந்து கோணாமல் வெட்டி, நாலாக மடித்து, பர்சுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஓரம் முழுக்க நீல பால்பாயின்ட் பேனாவில் குறிப்புகள். "தப்பு." "தப்பு." "இது பரவாயில்லை." மறுபடியும், "தப்பு."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என் எழுத்தை யாரும் இப்படித் திருத்தியதில்லை. சுருக்கென்று இருந்தது.

"இதை எழுதுனது நீங்கதானக்கா? என் பேரு ஜெயராணி. ராயப்பன்பட்டி. பேனாவுல எழுதுனது எங்க வீட்டுக்காரவுக."

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் உத்தமபாளையத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவள். கடை நேரம் போக மீதி நேரத்தில் வீடியோ கேம் ஆடுகிறேன். ஆடியதைப் பற்றி வாராவாரம் இங்கே எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று ஸ்டார் போடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதவர்கள் என் தெருவில் கம்மி. தேவைதான். பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிற கை, நடுவில் ஒரு டிராகனையாவது அடிக்க வேண்டாமா?

ஜெயராணியின் வீட்டுக்காரர் திருத்தியது எந்தக் கட்டுரையை? புதிதாக வந்திருக்கும் ஒரு மொபைல் கேம் பற்றியது. மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். பெயரைச் சொல்லவில்லை... திட்டி எழுதிய பிறகு விளம்பரம் எதற்கு? வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். சடாரென்று பிரேக் போட்டால் மதிப்பெண் குறையும். வேகமாகத் திருப்பினால் குறையும். ஹாரன் அடிக்காமல் வளைந்தால் குறையும். துரத்த ஆள் கிடையாது. சுட ஒன்றும் கிடையாது. "நாற்பது நிமிடம் ஓட்டினேன், ஒன்றுமே நடக்கவில்லை" என்று எழுதி இரண்டு ஸ்டார் கொடுத்திருந்தேன்.

அந்த வரிக்குப் பக்கத்தில் பேனா இன்னும் அழுத்தமாக எழுதியிருந்தது: "பெறகு? என்ன நடக்கணும்?"

"அக்கா, நீங்க ஒரு உதவி செய்யணும்" என்றார் ஜெயராணி. "அந்த கேம் சரியில்லைன்னு இன்னொரு தடவை எழுதிருங்க."

"ஏற்கெனவே அப்படித்தானே எழுதியிருக்கேன்?"

"அதுலதான்க்கா ரோஷம் வந்திருச்சு. 'அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியலை, கேம் மேல பழி போடுறாக'ன்னு காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் போனைக் கீழ வைக்கிறதில்ல. ஜீப்புச் சாவியைத் தொட்டு ரெண்டு மாசமாச்சு. நீங்க நல்லா ஓட்டிப் பாத்துட்டு எழுதுனா அதைக் கீழ வச்சிருவாக."

பிறகுதான் விஷயம் வந்தது. கணவர் அருளப்பன் ஜீப் டிரைவர். ராயப்பன்பட்டியிலிருந்து தினமும் விடியலில் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, கேரளா பக்கத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவருவார். பதினொன்றில் ஒருவர் ஜெயராணி. இரண்டு மாதம் முன்பு ஒரு காலை. மூடுபனி. வளைவில் ஒரு லாரி இவர்கள் பக்கமாகவே வந்துவிட்டது. அருளப்பன் ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தார். ஜீப் ரோட்டோர ஓடையில் இறங்கி, பாறையில் சாய்ந்து நின்றது. மற்ற பத்துப் பேருக்கும் சிராய்ப்புதான். ஜெயராணிக்கு மட்டும் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

எலும்பு கூடி, அவர் வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டார், வேறொருவர் ஓட்டும் ஜீப்பில். அருளப்பன் மட்டும் இன்னும் அந்த விபத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ஏலக்கா எடுப்பு ஆரம்பிச்சிருச்சுக்கா. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் தோட்டத்துக்காரவுக இவுகளுக்காக டிரிப்பை வச்சிருப்பாக. அப்பறம் இப்ப ஓட்டுற ஆளுக்கே குடுத்திருவாக. டிரைவர் வேலையை விட்டா அவுகளுக்கு என்ன இருக்கு? அதான் உங்கட்ட வந்தேன்."

தோள் வலிக்கு ஒரு ஆயின்மென்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றைக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. ஒரு விளையாட்டைப் பிடிக்கவில்லை என்று நாலு வரி எழுதுகிறோம். அது போய் யார் வீட்டில் உட்கார்ந்துகொள்கிறது, பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடியும் நேரம் பார்த்து ராயப்பன்பட்டிக்குப் போனேன். வாசலில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய ஜீப். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அருளப்பன். நாற்பத்தைந்து வயதிருக்கும். போனை இரண்டு கையாலும் ஸ்டியரிங் மாதிரி பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, நாற்காலி போட்டார். மரியாதையெல்லாம் சரியாக இருந்தது. அடுத்த நிமிடம் விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"ரெண்டு ஸ்டார் போட்டீகளே, எதுக்குக்கா?"

"போரடிச்சுது தம்பி. ஒண்ணும் நடக்கலை."

"ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதானக்கா டிரைவரு."

 

யோசித்துப் பார்த்தால், நாங்கள் கேம் விமர்சகர்கள் எதற்கு மதிப்பெண் போடுகிறோம்? கட்டடம் சரிந்தால் ஒரு ஸ்டார். கார் தீப்பிடித்தால் இன்னொன்று. போன மாதம் ஒரு ரேஸ் கேமைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினேன். அதில் கார் நொறுங்குவது தத்ரூபமாக இருந்ததாம்! அதற்கு முந்தின வாரம் ஒரு விவசாய கேம். வாழை நட்ட நாலாவது நிமிடம் குலை தள்ளுகிறது, ஒரு காற்றடித்து ஒரு மரம்கூடச் சாயவில்லை. விறுவிறுப்பே இல்லை என்று அதற்கும் குறைத்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் வாழை போட்டிருக்கும் எந்த மனுஷனாவது விறுவிறுப்பு வேண்டும் என்று கேட்பானா? வாழ்க்கையில் எது நடக்கக் கூடாது என்று கும்பிடுகிறோமோ, அதற்கெல்லாம் விளையாட்டில் கை தட்டுகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் அது மட்டும்தான் விளையாட்டு என்று நான் எப்போது முடிவு கட்டினேன்?

"ஓட்டிக் காட்டுங்க" என்றேன்.

ஓட்டினார். நான் பார்த்தேன். அதே விளையாட்டுதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. வளைவுக்கு வெகுமுன்பே கியரைக் குறைக்கிறார். ஹாரனை ஒரு தரம் அடித்துவிட்டு, பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுக்கிறார். மேலேறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் நின்று வழி விட வேண்டும், நிற்காத வண்டியைப் பார்த்து "ஏலே, கண்ணு தெரியலையா?" என்று திட்டுகிறார். திரையின் ஓரத்தில் பயணிகளின் நிம்மதியைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று உண்டு. என் கையில் அது பாதிக்குமேல் நின்றதே இல்லை. அவர் கையில் இம்மியும் இறங்கவில்லை.

எட்டு வளைவு. ஒன்பதாவதில் மூடுபனி வந்தது. எதிரே, தூரத்தில், இரண்டு மஞ்சள் விளக்கு. லாரி.

சட்டென்று திரையை அணைத்துவிட்டார்.

"சார்ஜ் இல்லக்கா."

போனை வாங்கிப் பார்த்தேன். எழுபது சதவீதம் சார்ஜ் இருந்தது. விமர்சகர் புத்தி சும்மா இருக்குமா? பழைய பயணங்களின் பட்டியலைத் திறந்தேன். அறுபத்து நாலு பயணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வாசகம்: பாதியில் நிறுத்தப்பட்டது. எல்லாமே ஒன்பதாவது வளைவில்.

என் தோளுக்குப் பின்னால் நின்று ஜெயராணியும் படித்தார். நாள் முழுக்க விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று இத்தனை நாளாகக் கோபப்பட்ட பெண்.  முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அருளப்பனுக்கு முகம் சிறுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "நீங்க மட்டும் முழுசா ஓட்டுனீகளாக்கா?"

வாசகர்களே, உங்களிடமும் இதை ஒப்புக்கொண்டாக வேண்டும். நான் முழுசாக ஓட்டவில்லை. பனி வந்தது, வண்டி ஊர்ந்தது, கொட்டாவி வந்தது, மூடிவைத்துவிட்டுக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் நிறுத்தியதும் அதே ஒன்பதாவது வளைவுதான். பயந்து நிறுத்தியவர் ஒருவர், போரடித்து நிறுத்தியவள் ஒருத்தி. அவருக்காவது நிறுத்தக் காரணம் இருந்தது. எனக்கு? வெட்கமாக இருந்தது.

"இப்ப ஓட்டுறேன்" என்றேன், வீறாப்பாக. "நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க."

சொன்னார். கியர், ஹாரன், இடது, மெதுவா. எட்டு வளைவு வரை என்னை நல்லபடியாகக் கூட்டிப்போனார். ஒன்பதாவதில் குரல் நின்றுவிட்டது. நான் எதையோ அழுத்தினேன். லாரிக்குப் பயந்து வெளிப்பக்கம் திருப்பிவிட்டேன் போலிருக்கிறது. வண்டி விளிம்பைத் தாண்டிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே பள்ளத்தில் உருண்டது. 'மீண்டும் முயல்க' என்று திரையில் எழுத்து குதித்து வந்தது.

நான் சிரித்துவிட்டேன். பழக்கதோஷம். கேம் ஆடுகிறவர்கள் தோற்றால் சிரிப்பார்கள்.

அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. என் சிரிப்பு பாதியில் நின்றது. இப்போது நினைத்தாலும் என்னை நானே ஒரு அறை அறையலாம் போல இருக்கிறது.

அருளப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்: "பாத்தீகளாக்கா... உள்ள இம்புட்டுப் பேரு இருக்காக. ஒரு ஆளுகூடக் கத்தலை."

கையால் ஜெயராணி பக்கம் காட்டினார்.

"இவ கத்துனது இன்னமும் காதுக்குள்ளயே நிக்கிது."

அப்போதுதான் ஜெயராணி முந்தானையை இறக்கினார்.

"உங்க மேல கோவப்பட்டா கத்துனேன்? லாரியப் பாத்துக் கத்துனேன். மாதாவேன்னு கத்துனேன். எல்லாருந்தான் கத்துனோம். நீங்க மலைப் பக்கம் ஒடிச்சீக. இந்தா, இந்தக்கா ஒடிச்ச மாதிரி அந்தப் பக்கம் ஒடிச்சிருந்தா, கத்துறதுக்கு அங்கன ஆளே இருந்திருக்க மாட்டோம். தோளு ஒடஞ்சா என்ன, உசுரோட கொண்டுவந்து சேத்தீகல்ல? ரெண்டு மாசமா இதைச் சொல்லணும்னு பாக்குறேன். நீங்க நிமிந்து பாத்தாத்தான?"

அருளப்பன் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மூன்றாவது ஆளாக நடுவில் உட்கார்ந்திருக்கிறோமே என்று சங்கடமாகவும் இருந்தது. எழுந்து போகலாமென்றால் அவர்கள் போன் என் கையில் இருக்கிறது!

அருளப்பன்தான் முதலில் கேட்டார். "தோளு இப்ப எப்பிடி இருக்கு?"

"வலிக்கத்தான் செய்யுது. இப்ப ஓட்டுற ஆளு பள்ளம் மேடு பாக்க மாட்டேங்கிறாரு. தூக்கித் தூக்கிப் போடுறாரு."

அவ்வளவு நேரம் தளர்ந்து கிடந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த எடத்துல?"

"எந்த எடமா? எல்லா எடத்துலயுந்தான்."

"பாலத்துக்கு அங்கிட்டு ஒரு பள்ளம் இருக்குமே... அதுலயா எறக்குறான்?"

"தெனமும்."

"அறிவிருக்கா அவனுக்கு!" என்றார் அருளப்பன். கோபம் வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் வந்த நல்ல கோபம் அதுவாகத்தான் இருக்கும்.  பிறகு, யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார்: "நாளைக்கு எத்தனை பேரு?"

"உங்களோட சேத்து பன்னெண்டு" என்றார் ஜெயராணி.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்களும் சந்தோஷப்படுவீர்கள், நானும் சந்தோஷப்படுவேன். அப்படி நடக்கவில்லை. திங்கட்கிழமை மலையடிவாரம் வரை ஓட்டினார். அங்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டார். சாவியை, கூடவே வந்த அந்த இன்னொரு டிரைவரிடமே கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பள்ளம் பள்ளமாகக் காட்டிக்கொண்டே போனாராம். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மூன்று வளைவு ஏறிவிட்டு மாற்றிக்கொண்டார். ஜெயராணி தினமும் போனில் சொல்வார். நான் மாத்திரை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்பேன்.

நடுவில் நானும் அந்த விளையாட்டைக் கடைசி வரை ஓட்டி முடித்தேன். ஏழு தடவை பள்ளத்தில் விழுந்து, எட்டாவது தடவை உச்சிக்குப் போனேன். உச்சியில் பரிசு கிடையாது, வாணவேடிக்கை கிடையாது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி நடந்து போகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல விளையாட்டுதான். நான் எழுதியது தப்பு. ஒரே குறை, பயணிகள் எல்லாரும் ஊமைகளாக இருக்கிறார்கள். தயாரித்தவர்கள் ஒரு நாளாவது ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் ஏறியிருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெயராணியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். அவர் எதுவும் பேசவில்லை. போனை முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறார் போல. ஏற்றத்தில் முக்குகிற இன்ஜின் சத்தம். அதற்கு மேலே மற்றப் பத்துப் பெண்களின் சத்தம். யார் வீட்டுக் கல்யாணத்திலோ சாம்பார் பற்றாமல் போன கதையை எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் அருளப்பனின் குரல், உச்ச ஸ்தாயியில்:

"ஆத்தா, வளைவு வருது... கொஞ்சம் வாயை மூடுங்கத்தா!"

ஒருத்தரும் மூடவில்லை.