தங்கச்சியின் குவைத் விளையாட்டு

என்னோடு படித்த தர்ஷினி இன்று தன் இப்போதைய வகுப்புத் தோழர்கள் இருவரோடு எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள் எப்படி மாறிவிட்டன என்று பாடசாலைக்காக ஒரு படம் எடுக்கப்போகிறார்களாம்.

"நீ சின்னதுல என்னடி வச்சு வெளையாண்ட?" என்றாள்.

"சாக்குதான். இடுப்புல கட்டிக்கிட்டு எல கிள்ளிப் போடுவோம். கணக்கப்புள்ளையா வர்றவன் நிறுத்துப் பாத்து, 'பத்தாது, அரநாள் சம்பளந்தான்'னு கத்துவான்."

மூவரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள்.

பிறகு என் தங்கச்சியிடம், "பாப்பா, நீங்க என்ன வெளையாடுவீங்க?" என்று கேட்டார்கள்.

அவளுக்கு ஆறு வயது. அம்மா குவைத்திலிருந்து அனுப்பிய பொம்மையைப் பாயில் உட்காரவைத்தாள். ஆணியில் தொங்கிய என் பழைய பாடசாலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அழுவக் கூடாது. அக்கா பாத்துக்குவா. அம்மா ரெண்டு வருசத்துல வந்துருவேன்."

பொம்மையிடம் இதைச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனாள்.

அம்மாவும் அப்படித்தான் போனார். அடுத்த வாரமே நான் படிப்பை நிறுத்தினேன். இது மூன்றாவது வருடம்.

"ஐயோ, சூப்பர்டி!" என்றாள் தர்ஷினி. "ஞாயித்துக்கிழம கேமரா கொண்டாறோம். பாப்பாவ இதே மாதிரி செய்யச் சொல்லு. அந்தப் பை வேணாம், நல்ல பெட்டி ஒண்ணு நாங்களே கொண்டாறோம். படத்த ஒங்கம்மாவுக்கும் அனுப்பலாம்."

நான் தலையாட்டினேன். யார் என்ன கேட்டாலும் எனக்கு அதுதான் வரும்.

அவர்கள் போனதிலிருந்து தர்ஷினிக்கு ஒரு மெசேஜ் எழுதி எழுதி அழிக்கிறேன். மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.

தர்ஷினி, நீயும் இதை வாசிப்பாய் என்று தெரியும். பெட்டி கொண்டுவராதே.