ஃப்ரெடி சைஸ்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குத் துணி தைக்கக் கொடுப்பவர்கள் வயதைச் சொல்வதில்லை. பெயரைச் சொல்வார்கள்.

"யக்கா, ஒரு மதி, பூப்போட்டது. ரெண்டு டில்லி, அரைக்கை."

கீழ்வீட்டுச் சன்னலுக்குள்ளிருந்து சுகிர்தம் அக்காவின் பதில் வரும். "டில்லி பத்தாதுடி உம் புள்ளைக்கு. போன தபாவே தோள் ஏறிக்கினு இருந்திச்சி. பாஸ்கர் போட்டுக்கலாம்."

புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் விழிப்பார்கள். அக்காவின் முன்னறைச் சுவரில் ஆணிகளில் தொங்கும் பழுப்புத் தாள்களைப் பார்த்துவிட்டால் புரிந்துவிடும். ஒவ்வொரு ஆணியிலும் ஓர் உடுப்புக்கான பேட்டர்ன். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று வெட்டி ஒரே நூலில் கோத்திருப்பார். மேலே தடித்த பேனாவால் ஒரு பெயர். அந்தப் பெயருக்குரிய பிள்ளை என்றோ ஒருநாள் அந்த அறையின் வெட்டு மேசைமேல் ஏறி நின்றிருக்கும். தாள் துறைமுகத்திலிருந்து வந்தது. அங்கே வேலை பார்க்கும் அக்காவின் கணவர் அம்புரோஸ் அண்ணன், மரப்பெட்டிகளுக்குள் விரித்து வந்த தாளைச் சுருட்டிக் கொண்டுவந்து போடுவார். எளிதில் கிழியாது, மழைக்காலத்து ஈரத்துக்கும் அசையாது.

என் பெயரிலும் ஒன்று தொங்குகிறது. ஐந்து வயது, நல்ல உயரம், அகலம் கிடையாது. 'எழில் சைஸ்' கேட்டு வருபவர்கள், பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறது என்ற புகாரையும் சேர்த்தே கொண்டுவருவார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் சுகிர்தம் அக்கா ஒரு ரெடிமேட் கம்பெனியில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை காலர் மட்டும். "ஒரு நாளிக்கு எத்தினி காலர்னு கேக்காத. சட்டைக்கு முதுகுன்னு ஒன்னு கீதான்றதே மறந்து பூட்டுது" என்பார். அந்தக் காலர்களெல்லாம் யார் கழுத்துக்குப் போகின்றன என்று தெரியாதது அவரை ரொம்ப நாள் உறுத்தியிருக்க வேண்டும். சொந்த மெஷின் வாங்கிய பிறகு, தெரிந்த கழுத்துக்கு மட்டும்தான் தைப்பேன் என்று ஆரம்பித்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு அளவெடுக்க மாட்டார். முதலில் ஒரு பன், கொஞ்சம் டீ. பிள்ளை தின்று முடித்து, உதட்டைத் துடைத்த பிறகுதான் டேப் கழுத்திலிருந்து இறங்கும்.

"இது டைலர் கடையா, டீக்கடையா?" என்று அம்புரோஸ் அண்ணன் கேட்பார்.

"புதுத்துணி போட்டுக்கினு புள்ள நேரா எங்க போவும்? விருந்துக்குப் போவும். துண்ண வயித்துக்குத்தான் தைக்கணும். காலி வயித்துக்குத் தச்சா பட்டன் பறக்கும்."

இந்த வழக்கம் தொடங்கியது ஃப்ரெடியால். அடுத்த வீட்டு ரோசி அத்தையின் மகன். அக்கா தைத்த முதல் உடுப்பு, நான்கு வயது ஃப்ரெடியின் கிறிஸ்துமஸ் சட்டை. அளவெடுத்தது காலையில், அவன் எதுவும் சாப்பிடுவதற்கு முன். போட்டுப் பார்த்தது மதியம், பிரியாணிக்குப் பிறகு. முன்பக்கம் மேலே ஏறி, தொப்புள் எட்டிப் பார்த்தது. பிரித்து அகலமாகத் தைத்தார். தோள் சரிந்து பையன் சட்டைக்குள் தொலைந்துபோனான். மூன்றாவது முறைதான் விஷயம் பிடிபட்டது. அகலம் போதாது, முன்பக்கம் பின்பக்கத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். கீழ்விளிம்பு நடுவில் லேசாகத் தொங்கும்படி வளைத்து வெட்டினார். தாளில் பார்த்தால் கோணலாகத்தான் இருக்கும். போட்டுக்கொண்டால் வயிறு அந்த வளைவை இழுத்துக்கொண்டு, விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக நிற்கும்.

அதிலிருந்து எங்கள் பக்கத்துத் தொப்பைக் குழந்தைகள் எல்லோருக்கும் ஃப்ரெடி சைஸ்தான். பையனுக்கு என்றால் சட்டை, பெண்ணுக்கு என்றால் அதையே நீட்டிக் கவுன். பெயர் பரவிப் பரவி, கடைசியில் தெருப் பெண்கள் எதற்கும் ஃப்ரெடி என்றே சொல்லத் தொடங்கினார்கள்.

இதற்கிடையில் ஃப்ரெடி வளர்ந்துவிட்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். காலையில் ஜிம்முக்குப் போகிறான். வயிறு பலகை மாதிரி இருக்கிறது. எண்ணூரில் கணக்கு டீச்சராக இருக்கும் ரூத்தை அவனுக்குப் பேசி முடித்தார்கள். பெண்வீட்டார் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கூல்டிரிங்க்ஸோடு உட்கார்ந்திருந்தபோது, தெருவில் ஒரு பெண் அடுத்த வீட்டுச் சன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"சுகிர்தம்க்கா! ஃப்ரெடி ஜட்டி நாலு வேணும்! எலாஸ்டிக் லூசா போடு!"

ரூத்தின் சித்தப்பா மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். ஃப்ரெடி தரையைப் பார்த்தான்.

மறுநாள் அவன் அக்காவின் அறைவாசலில் வந்து நின்றான். அப்போது நான் ரவிக்கைக்கு ஊக்கு வைக்கக் கொடுக்கப் போயிருந்தேன்.

"அத்தே, எனக்கு கல்யாணத்துக்கு இன்னா செய்யப் போற?"

"இன்னா வேணும் சொல்றா ராஜா."

"ஒன்னும் வேணா. அந்தப் பேப்பர குடு. அவ இந்த வூட்டுக்கு வந்தப்புறம் தெருவே எம்பேர்ல ஜட்டி கேட்டுக்கினு இருந்தா, நான் எப்டி தலகாட்டுவேன்?"

அக்கா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்தினார். பிறகு எழுந்து, ஆணியிலிருந்து அதைக் கழற்றி, மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்துக் கையில் கொடுத்தார். அவன் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

அதன் பிறகு ஃப்ரெடி சைஸ் கேட்டு வந்தவர்களிடம், "அது இப்ப இல்லம்மா" என்றார். காரணம் சொல்லவில்லை. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்த வாரத்தில் ரூத்தே வந்தாள். கையில் ஒரு துணிப்பொட்டலம். அவளுடைய கல்யாண கவுன் தைத்ததில் மிஞ்சிய சாட்டின்.

"ஆண்ட்டி, எங்கக்கா பொண்ணு மெர்லின்தான் எனக்கு முன்னாடி பூ போட்டுட்டு வரப் போறா. என் கவுன் துணியிலேயே அவளுக்கும் ஒரு ஃப்ராக். முடியுமா?"

அக்கா துணியை மேசைமேல் விரித்து முழத்தால் அளந்தார். சரியாக ஒரு ஃப்ராக்குக்குத்தான் போதும். தப்பு நடந்தால் திருத்த ஒரு துண்டுகூட மிஞ்சாது.

"புள்ளைய இட்டாம்மா. ஒரு பன்னு குடுத்து அளவெடுத்துடறேன்."

"அவ குவைத்துல இருக்கா ஆண்ட்டி. கல்யாணத்துக்கு மொத நாள்தான் வர்றாங்க. அக்கா அளவு அனுப்பியிருக்கா."

அக்காவின் கை துணிமேலேயே நின்றது. கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு அவர் இதுவரை தைத்ததில்லை. ஆனால் ரூத்தின் முகத்தைப் பார்த்து மறுக்கவும் முடியவில்லை. போனில் வந்த எண்களைப் பார்த்தார். உயரம், மார்பு, இடுப்பு. எல்லாம் மதி சைஸோடு பொருந்தின. மதியை எடுத்து மேசைமேல் வைத்தார். கத்தரியை எடுத்தார். கீழே வைத்தார்.

"எழிலு, ஒரு வீடியோ கால் போட்டுக் குடு. அந்தப் புள்ளைய நான் பாக்கணும்."

போட்டுக் கொடுத்தேன். குவைத்தில் மெர்லின் ஒரு சோபாமேல் நேராக நின்று, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, போட்டோவுக்குச் சிரிப்பதுபோல் சிரித்தாள்.

"சாப்டியாடா கண்ணு?" என்றார் அக்கா.

"இல்ல பாட்டி."

"மொதல்ல சாப்புடு. நான் இங்கயே கீறேன்."

ரூத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனைத் தையல்மெஷின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு குழந்தை நூடுல்ஸ் தின்பதை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டு காலியானது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். பிறகு கீழே இறங்கிப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரில் அந்த வெளுத்த இடத்தைப் பார்த்தேன். இருவரும் ரூத்திடம் எதுவும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு அக்கா மதியை வைத்து, பழைய வேட்டித்துணியில் வெட்டிப் பார்த்தார். முன்பக்கத்தை நீட்டினார், வளைத்தார், அழித்து மறுபடி வரைந்தார். போட்டுப் பார்க்கப் பிள்ளை இல்லை. வளைவு எங்கே தொடங்கி எவ்வளவு இறங்க வேண்டும் என்பது ஃப்ரெடியின் வயிற்றில் மூன்று முறை தைத்துக் கண்டுபிடித்தது. நினைவிலிருந்து அது வரவில்லை.

"சர்ச்சுல ரூத்துக்கு முன்னாடி நடக்கப் போவுது. இந்தப் புள்ள கவுனு முன்னால தூக்கிக்கினு நின்னா ஊரே சிரிக்கும்" என்றார். முந்தானையை உதறிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஃப்ரெடி அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தான்.

"அந்தப் பேப்பரு ஓணும்டா."

"அதெல்லாம் கெடாசிட்டேன் அத்தே. கடல்ல போட்டாச்சி."

உள்ளேயிருந்து ரோசி அத்தை குரல் கொடுத்தார். "எந்தப் பேப்பர்? பீரோல உன் கோட்டுக்கு கீய விரிச்சி வச்சிக்கிறியே, அதுவா?"

ஃப்ரெடிக்குக் காது சிவந்தது. "நல்ல பேப்பரா இருந்திச்சி. கெடாச மனசு வரல."

"குடுத்துட்றா. வேல முடிஞ்சா திருப்பிக் குடுத்துடறேன்."

"யாருக்கு?"

"உன் பொண்டாட்டியோட அக்கா பொண்ணுக்கு."

அவன் உள்ளே போய் அதை எடுத்துவந்து நீட்டினான். "அவளாண்ட சொல்லக் கூடாது."

"என் வாயால வராது" என்றார் அக்கா.

கல்யாணத்துக்கு முந்திய நாள் மதியம் குவைத் குடும்பம் விமான நிலையத்திலிருந்து நேராக எங்கள் தெருவுக்கே வந்தது. ரூத்தும் வந்திருந்தாள். பெட்டிகளை இறக்கியது ஃப்ரெடி. அக்கா மெர்லினை மேசைமேல் உட்கார வைத்து ஒரு பன் கொடுத்தார். முடிந்ததும் இன்னொன்றை நீட்டினார்.

"வேணாம் ஆண்ட்டி, ட்ரெஸ் பத்தாம போயிடும்" என்றாள் மெர்லினின் அம்மா.

"துண்ணட்டும்மா."

மெர்லினை மேசைமேலேயே நிற்க வைத்து, ஃப்ராக்கை மாட்டி ஜிப்பை ஏற்றினாள் அவள் அம்மா. அக்கா தரையில் மண்டிபோட்டு, கண்ணை விளிம்பின் மட்டத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் பார்த்தார். முன்னாலும் பின்னாலும் ஒரே மட்டம். மெர்லின் உட்கார்ந்து எழுந்தாள். சுற்றினாள். சாட்டின் விரிந்து அடங்கி, மறுபடி அதே மட்டத்தில் நின்றது.

"தொட்டுப் பாக்காமலே எப்படி ஆண்ட்டி?" என்றாள் ரூத்.

அக்கா வாயைத் திறந்து மூடிக்கொண்டார். ஆனால் அவசரத்தில் பேட்டர்னை மேசைமேலேயே விட்டிருந்தார். ரூத் அதைத் தூக்கி, மேலே இருந்த பெயரை வாசித்தாள்.

"ஃப்ரெடியா? எந்த ஃப்ரெடி?"

அம்புரோஸ் அண்ணன் ஃபேனைப் பார்த்தார். வாசலில் பெட்டியோடு ஃப்ரெடி நின்றிருந்தான்.

"அது பழைய பேரும்மா" என்றார் அக்கா வேகமாக. "மாத்தணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். இனிமே இது மெர்லின் சைஸ்." தடித்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். பெயரின்மேல் கோடு போடக் குனிந்தார்.

"இரு அத்தே."

"இன்னாடா?"

"எம்பேர எதுக்கு அடிக்கிற?"

"நீதானேடா வேணான்னே!"

"பேப்பர குடுன்னு கேட்டேன். பேர அடின்னா சொன்னேன்?" பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தான். "பாப்பா பேர வேணும்னா கீய எய்து. மேல என்னுது அப்டியே இருக்கட்டும்." பிறகு ரூத்தைப் பார்க்காமல், "அது நான்தான். நாலு வயசுல. கொஞ்சம் குண்டா இருந்தேன்" என்றான்.

"கொஞ்சமா?" என்றார் ரோசி அத்தை வாசலிலிருந்து.

மெர்லின் மேசையிலிருந்து குதித்து வந்து, அவன் வயிற்றில் விரலால் குத்திப் பார்த்தாள். "இப்ப எங்க போச்சு?"

ரூத் அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்தது. சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அன்னிக்கு தெருவுல கேட்டாங்களே, நாலு... எங்க சித்தப்பா இன்னும் கேட்டுக்கிட்டிருக்காரு, மாப்பிள்ளை கிரேனோட ஜட்டி வியாபாரமும் பண்றாரான்னு!"

ஃப்ரெடியும் சிரித்தான். சுத்தியல் தேவைப்படவில்லை, பழைய ஆணி அங்கேயேதான் இருந்தது. அவனே அதில் பேட்டர்னை மாட்டினான்.

மறுநாள் கோயிலில் மெர்லின் முன்னால் நடந்தாள். கூடையிலிருந்த ரோஜா இதழ்களைப் பாதி வழியிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, மீதி வழியெல்லாம் ஃப்ராக்கைப் பிடித்துக்கொண்டு ஆடியபடியே போனாள். படிக்கட்டில் போட்டோ எடுக்கும்போது, எண்ணூர்க்காரப் பெண் ஒருத்தி இடுப்பில் ஒரு கொழுத்த குழந்தையோடு நெருங்கி வந்து விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க தச்சீங்க? இது இன்னா சைஸு?"

கோட்டும் சூட்டுமாக நின்ற மாப்பிள்ளை, கேமராவைப் பார்த்த பார்வை மாறாமல் சொன்னான். "ஃப்ரெடி. பொண்ணுன்னா கொஞ்சம் நீட்டிக்குவாங்க."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சுகிர்தம் அக்கா எட்டிப் பார்த்தார்.

"வரும்போது புள்ளைய காலி வயித்தோட இட்டாந்துடாதம்மா!"