முடிச்சிடலாம் மேடம்

லாரியிலிருந்து இறங்கிய ஒரு செங்கல் சுவரில் போய்ச் சேரும்வரை என்னென்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக ஒருநாள் காலை முழுக்க ஒரே இடத்தில் நின்றேன். செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில், ஒரு ரைஸ் மில் கட்டிக்கொண்டிருந்தோம். நான்தான் அங்கே இன்ஜினியர்.

அதற்கு முன் சில வருடங்கள் ஒரகடம் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலைக் கட்டுமானத்தில் இருந்தேன். அங்கே எங்களை ஏசி அறையில் உட்காரவைத்து ‘லீன்’ என்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். வீண் நடை, வீண் காத்திருப்பு, தேவைக்கு முன்னாலேயே வந்து குவியும் சாமான், செய்ததையே உடைத்துத் திரும்பச் செய்யும் வேலை, இதையெல்லாம் கண்டுபிடித்துக் குறைத்தால் போதும், யாரையும் விரட்டாமலே வேலை வேகமாகும் என்பதுதான் அதன் சாரம். சாப்பாடு நன்றாக இருந்தது. சான்றிதழும் கொடுத்தார்கள். மறுநாள் சைட்டுக்குப் போனால் எல்லாம் பழையபடியே ஓடியது. ஆனால் எனக்குள் ஒரு அரிப்பு மட்டும் நின்றுவிட்டது. இது நிஜமா? பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற சின்ன இடத்தில் செய்தால் என்ன ஆகும்?

கல்யாணமாகி, வீட்டுக்காரருக்கு செஞ்சி அரசுப் பள்ளிக்கு மாற்றல் வந்தபோது நானும் வந்தேன். நெல் வியாபாரி ஒருவர் புது மில் கட்ட ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் பல தலைமுறையாக இருக்கும் சமணக் குடும்பம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன்.

“நாள் பூரா சைட்ல நிப்பியாம்மா?”

“நிப்பேன் சார்.”

“தை மாசம் மார்க்கெட் கமிட்டிக்கு நெல்லு வந்து குவியும். அதுக்குள்ள மில்லு ஓடணும்.”

அவ்வளவுதான் நேர்காணல்.

அப்படித்தான் அந்தக் காலையில் வேப்பமரத்து நிழலில் நின்றேன். போனைப் பையில் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. சித்தாள் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒரு அக்கா இருந்தாள். சிங்கவரத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவாள். யாரிடமும் எதையும் நேராகக் கேட்டுவிடுவாள். தலையிலிருந்த செங்கல்லோடு அப்படியே என் முன்னால் வந்து நின்றாள்.

“இன்னாம்மா, காலைல இருந்து எங்களையே பாத்துக்கினு இருக்கிற? யாராவது இன்னாவது சொன்னாங்களா?”

“உங்கள பாக்கலக்கா. செங்கல்லப் பாக்குறேன்.”

“செங்கல்ல இன்னா இருக்குது பாக்கறதுக்கு?”

அவளுக்குச் சொன்னேன். லாரி திரும்ப இடமில்லாததால் கல்லை வாசல் கேட் பக்கம் இறக்கினார்கள். அங்கே மணல் லோடு வரப்போகிறது என்று மேஸ்திரி அதை வேலியோரம் அடுக்கச் சொன்னார். ஷெட் போடுகிறவர்கள் இரும்புத் தூண்களை அங்கேதான் வைக்க வேண்டும் என்றார்கள், அதனால் கல் மறுபடி நகர்ந்தது. இப்போது மூன்றாவது இடத்திலிருந்து சுவருக்குப் போகிறது, அதுவும் ஜல்லிக் குவியலைச் சுற்றிக்கொண்டு. அவள் தலையிலிருந்த கல்லை இறக்கி வைத்துவிட்டு, நான் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“அட ஆமாம்மா. ஒவ்வொரு தபாவும் ஒவ்வொருத்தர் சொன்னாங்க, தூக்கினோம். சேத்து வெச்சு யாரு நெனச்சுப் பாத்தா?”

எனக்கும் அதுதான் ஆச்சரியமாக இருந்தது. யாரும் சோம்பேறியாக இல்லை. யாரும் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆளாளுக்குத் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். இருந்தும் பாதிப் பொழுது சுவருக்கு வெளியிலேயே போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், ஷெட் போடுகிறவர், அந்த அக்கா எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். இனி வாரம் ஒருமுறை இப்படி உட்காரலாம், அடுத்த வாரம் யார் எங்கே என்ன செய்யப்போகிறோம் என்று அவரவர் வாயாலேயே சொல்லலாம் என்றேன்.

“இதுக்குப் பேரு லீன்” என்றேன், சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“லீன்னா இன்னா மேடம்?” என்றார் மேஸ்திரி.

“ஒல்லின்னு அர்த்தம்.”

அக்கா தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். “இதுக்கு மேலயும் ஒல்லியாவணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. “ஆளக் கொறைக்கப் போறீங்களா மேடம்? அத நேராவே சொல்லிடுங்க” என்றார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இந்த ஊரில் பாதிக் கல்யாண மண்டபங்கள் அவர் கட்டியவை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரகடத்தில் பயிற்சி முடிந்த சில மாதத்தில் அங்கே ஆட்களைக் குறைக்கவும் செய்தார்கள். இங்கே ஒருவரையும் நிறுத்த மாட்டோம், வீணாகப் போகும் உழைப்பை மட்டும்தான் நிறுத்தப் பார்க்கிறேன் என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தார்.

கூட்டத்தை வெளிச்சம் இருக்கும்போதே முடித்தாக வேண்டும். முதலாளி சமணர், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அவர் வீட்டுக்குக் கிளம்பும் நேரம்தான் எங்களுக்கு மணி. சிமெண்ட் ரூம் சுவரில் கலர் காகிதங்களை ஒட்டினோம். பச்சை கொத்து வேலைக்கு, மஞ்சள் கரண்ட் வேலைக்கு, சிவப்பு ஷெட்டுக்கு. எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒருநாள் காலை வந்து பார்த்தால் சுவர் காலி. கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த குரங்குக் கூட்டம் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டிருந்தது. ஒரு குட்டி ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து மஞ்சள் காகிதத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. “உன் வேலைய எடுத்துக்கிச்சு பாரு” என்று மேஸ்திரி எலக்ட்ரீஷியனிடம் சொன்னார். அவர் இப்படித் தமாஷாகப் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல்முறை. அதன்பின் காகிதத்தைக் கதவின் உட்பக்கம் ஒட்டினோம்.

இடத்தை ஒழுங்குபடுத்தியது சீக்கிரம் பலித்தது. சாமான் எப்போது வேண்டுமோ அப்போதுதான் லோடு சொன்னோம். சித்தாள்கள் நடக்கும் தூரம் குறைந்தது. ஆனால் இன்னொன்று எனக்குப் பிடிபடவே இல்லை. கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமாண்ணா?”

“முடிச்சிடலாம் மேடம்.”

வெள்ளிக்கிழமை வரும். பாதி முடிந்திருக்கும், பாதி முடியாது. யாரும் பொய் சொல்லவில்லை, அதையும் கவனித்தேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார்கள். நான் ‘முடியுமா’ என்று கேட்டால் ‘முடியும்’ என்பது ஒரு மரியாதை, அவ்வளவுதான். வந்தவரை ‘வாங்க’ என்பது மாதிரி. இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். “பசங்களும் அப்படித்தான். புரிஞ்சுதான்னு கேட்டா புரிஞ்சுது சார்னுதான் சொல்லுவானுங்க. நான் அப்படிக் கேக்கறதையே விட்டுட்டேன்” என்றார்.

நானும் கேள்வியை மாற்றிப் பார்த்தேன். “முடியுமா” என்று கேட்காமல், “இத ஆரம்பிக்க உங்களுக்கு இன்னா இல்ல?” என்று கேட்டேன்.

எலக்ட்ரீஷியன் தொண்டையைக் கனைத்தார். அமைதியான மனிதர், அதிகம் பேச மாட்டார்.

“வடக்குச் சுவத்துல வயர் பைப்பு வைக்கணும். மோட்டார் எங்க வருதுன்னு படம் இன்னும் வரல மேடம். படம் இல்லாம என்னால முடியாது.”

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் அந்தச் சுவத்த திங்கக்கிழமை பூசறேன்னு சொல்லிட்டேன். நீ அப்புறமா ஒடச்சுக்க. எப்பவும் அப்படித்தான செய்வ?”

“ஒடச்சா நீதான திட்டுவ?”

“திட்டுவேன்தான். அதுக்கின்னா?”

சொல்லிவிட்டு மேஸ்திரியே அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பூசிய சுவரை உடைத்து, பைப்பு வைத்து, மறுபடி பூசி, அந்த ஒட்டு தெரியாமல் இருக்கத் தேய்த்து, இதையெல்லாம் செய்ததும் அவர் ஆட்கள்தான். “சரி, கிழக்குச் சுவர மொதல்ல எடுத்துக்கறேன்” என்றார். அதன்பின் அந்த மில்லில் பூசிய பிறகு உடைத்த சுவர் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் என் அளவுப் பிழையால்.

அந்த ஒரு ‘முடியாது’ வந்த பிறகு மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. வெல்டிங்காரர் கரண்ட் போதவில்லை என்றார். அக்கா, ஆயுதபூஜை வாரத்தில் பெண்கள் பாதிப்பேர் வர மாட்டார்கள் என்று முன்கூட்டியே சொன்னாள். ‘முடியாது’கள் கூடக்கூட, முடிப்பதாகச் சொன்னவை நிஜமாகவே முடிய ஆரம்பித்தன. எனக்கு இது விளங்கவும் செய்தது, விளங்காமலும் இருந்தது.

அப்போதுதான் பாய்லர் குழி வந்தது.

நெல் அவிக்க பாய்லர் வேண்டும். அது ரொம்ப கனம், அதற்குத் தனி அஸ்திவாரம். தோண்டியபோது ஒரு பக்கம் பாறை வந்தது. செஞ்சியில் பாறை வருவது அதிசயமில்லை, சுற்றி நிற்கும் மலையெல்லாம் பாறைதானே. மொத்தமும் பாறையாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் மறுபக்கம் வெறும் மண். பாதி பாறைமேலும் பாதி மண்மேலும் அவ்வளவு கனத்தை உட்காரவைத்தால் மண் பக்கம் அமுங்கும், அஸ்திவாரம் வெடிக்கும். மண் பக்கத்தைப் பாறை தட்டும்வரை ஆழமாகத் தோண்டி கான்கிரீட் போட வேண்டும். பக்கத்தில் வீடுகள் இருப்பதால் பாறைக்கு வெடி வைக்கவும் வழியில்லை. நடுவில் மழை வேறு பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் நின்றது.

பாய்லர் ஏற்றிவரும் லாரிக்கும் அதை இறக்கும் கிரேனுக்கும் முதலாளி ஏற்கெனவே நாள் குறித்துவிட்டார். அந்த வாரக் கூட்டத்தில் அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, பாய்லர் வர்றதுக்குள்ள அடித்தளம் ரெடி ஆயிடுமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், கதவோரம் நின்ற அக்கா. இத்தனை வாரமாக அவர்களிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது இப்போது என்னிடம் வந்து நின்றது. ‘முடிச்சிடலாம் சார்’ என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே வியப்பாக இருந்தது.

“முடியாது சார்” என்றேன்.

“இன்னா?”

“அவசரப்பட்டுப் போட்டாலும் காங்கிரீட் காயணும் சார். காயாததுமேல பாய்லர ஏத்த முடியாது. மாசக் கடைசி ஆயிடும்.”

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மேற்கே வெளிச்சத்தைப் பார்த்தார், எழுந்தார், காரில் ஏறிப் போய்விட்டார்.

“போச்சு” என்றாள் அக்கா.

மேஸ்திரி என் பக்கம் வந்து, “நான் சொல்லியிருந்தா என்னத் தொரத்தியிருப்பாரு மேடம். நீங்க சொன்னது நல்லது” என்றார். அது ஆறுதலா இல்லையா என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை முதலாளி வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். நான் குழியிலிருந்து மேலே ஏறி வந்தேன். அவர் முகத்தில் கோபமில்லை. எதையோ புரிந்துகொள்ள முடியாதவர் மாதிரி நின்றார்.

“பாய்லர் கம்பெனிக்குப் போன் பண்ணேன்மா. எங்களால முடியல, ஒரு மாசம் தள்ளி அனுப்புன்னு சொல்லலாம்னு. கெஞ்சணுமேன்னு நெனச்சுக்கினு பண்ணேன்.”

“இன்னா சார் சொன்னாங்க?”

“சந்தோஷப்படறான்மா அவன்! அவன் பாய்லர் இன்னும் பாதிகூட முடியலியாம். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பயந்துக்கினு இருந்தானாம். போன வாரம்கூட என்கிட்ட இன்னா சொன்னான் தெரியுமா? டைமுக்கு வந்துரும் சார், கவலைப்படாதீங்கன்னான்.”

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். நாங்கள் வாக்கு கொடுத்தபடி அவசரமாக அடித்தளம் போட்டிருந்தால், பாய்லர் வராமல் அது சும்மா கிடந்திருக்கும். கிரேனுக்கு வாடகை கொடுத்து வெறுமனே நிற்கவைத்திருப்போம்.

அப்புறம் முதலாளி அங்கேயே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டார். தொட்டி செய்கிறவர், தராசு வைக்கிறவர், டிரான்ஸ்பார்மருக்கு அலைகிற ஆள். “நீ வரலன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். நெஜம் இன்னான்னு மட்டும் சொல்லு” என்றார் ஒவ்வொருவரிடமும். சிலர் நம்பாமல் பழைய பதிலையே சொன்னார்கள். சிலர் நிஜத்தைச் சொன்னார்கள். காலை முழுக்க அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு போனையும் வைத்தபின், தூண்டிலில் என்ன மீன் மாட்டியது என்று பார்ப்பவர் மாதிரி ஆர்வமாக என்னிடம் வந்து சொன்னார்.

மில் தை மாதத்துக்குள் ஓடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இது கதையாகிவிடும். முதலில் வந்த நெல்லெல்லாம் மற்ற மில்களுக்குப் போயின. முதலாளிக்கு அதில் வருத்தம் இருந்தது, மறைக்கவுமில்லை. மாசி பிறந்த பிறகுதான் பாய்லரில் நெருப்பு வைத்தோம். ஆனால் வைத்த பிறகு நிற்கவில்லை. முன்பு ஊரில் திறந்த மில் ஒன்று திறப்பு விழா முடிந்து மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். மண்டகப்பட்டு பக்கம் ஒரு வீடு. எலக்ட்ரீஷியனை முதலாளி மில்லிலேயே வைத்துக்கொண்டார். அக்காவையும் கேட்டார். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று போனவள், ஒரு வாரம் கழித்து, கூலி இன்னும் கொஞ்சம் ஏற்றினால் வருகிறேன், இல்லாவிட்டால் முடியாது என்று நேராகவே சொன்னாள். ஏற்றிக்கொடுத்தார்.

முதல் நெல் அவிந்த அன்று நாங்கள் நான்கைந்து பேர் தொட்டியைச் சுற்றி நின்றோம். அடியில் வால்வைத் திறந்ததும் ஆவியோடு நெல் சரிந்து விழுந்தது. வாசனை ஷெட் முழுக்க நிறைந்தது. அக்கா ஒரு பிடி அள்ளி, சூடு பொறுக்காமல் கைமாற்றிக் கைமாற்றி ஊதினாள். ஒரு நெல்லை நகத்தால் உரித்து, உள்ளே இருந்த அரிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்னிடமும் ஒன்று கொடுத்தாள். நான் அதை வாயில் போட்டு மென்றேன். நன்றாக வெந்திருந்தது.