புளி தேய்த்த கலயங்கள்

குத்தம்பாக்கத்து ஏரிக்கரைப் பனைகளில் கட்டும் கலயங்களைக் கழுவுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் சட்டத்துக்குக்கூட டிமிக்கி கொடுத்துவிடலாம், அம்மாவின் சட்டத்துக்கு முடியாது. தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்க்க வேண்டும். கழுவியதைப் பனையோலை மூட்டிய புகையில் கவிழ்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். பழைய கூழ் குடித்த கையோடு கலயத்தைத் தொட்டால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அந்தக் கலயங்களுக்கு நடந்த உபசாரத்தில் பாதி என் தலைமுடிக்கு நடந்திருந்தால் பேன் தொல்லையாவது குறைந்திருக்கும்.

காரணம் இருந்தது. கலயத்தில் சுண்ணாம்பு சரியாக இருந்தால் மரத்திலிருந்து இறங்குவது பதநீர். இல்லாவிட்டால் விடிவதற்குள் பொங்கிப் புளித்து அது கள்ளாகிவிடும். எங்களுக்குப் பதநீர் இறக்க மட்டும்தான் அனுமதி. கள் இறக்குகிறவர்கள் சர்க்காருக்கு வரி கட்டினார்கள். வரி கட்டாத மரத்தில் கள் இருந்தால் பிடித்துக்கொண்டு போகக் கள்ளு வரி பார்க்கும் அப்காரி சேவகர் வருவார்.

அப்பா ஒரு முறை பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து போனவர். அதன்பின் மரம் ஏறியது சித்தப்பா. அவர் ஏறினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரியும் என்பது எனக்கே தெரியும். அந்தச் சித்தப்பாவுக்குப் பூந்தமல்லியிலிருந்து பெண் எடுத்தார்கள்.

சித்தியின் வீட்டார் கடைத்தெருவில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்குப் பாத்திரம் துலக்கிக் கொடுத்தவர்கள். சித்தி வந்த கையோடு எங்கள் வீட்டிலிருந்த ஒரே பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கினாள். அதில் என் முகத்தைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டே ஒரு முழுக் காலைப்பொழுதைக் கழித்தேன். சித்தியை எனக்கு அவ்வளவு பிடித்துப் போனது. அம்மாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது, அந்தப் பேச்சைக் கேட்கும்வரை.

"தினம் நீ மரத்துல ஏறசொல்ல எனுக்கு உசுரே போயி உசுரு வருது. எங்கண்ணன் கடையில சொல்லிக் கீறான். பூந்தமல்லிக்கே போயிடலாம், வாய்யா" என்று சித்தி கொல்லையில் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா மறுக்கவில்லை, சிரித்தார். வேலியோரம் ஓலை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவும் நானும் அதைக் கேட்டோம். உள்ளே வந்து அம்மா அப்பாவிடம், "இவ அவன இஸ்துகினு பூடுவா. நம்ம கதி இன்னா?" என்றாள். அப்பா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அதற்குச் சில நாள் கழித்து, கலயம் கழுவும் வேலையை அம்மா முதன்முறையாகச் சித்தியிடம் கொடுத்தாள். சட்டம் எதையும் சொல்லவில்லை. சித்திக்குத் தெரிந்த துலக்கல் ஒன்றுதான். ஒரு உருண்டைப் புளியைக் கரைத்துக் கலயங்களை உள்ளும் புறமும் தேய்தேய் என்று தேய்த்தாள். சுண்ணாம்பின் காரத்தை முறிக்கிற புளித்தண்ணீரை மண் கலயம் உறிஞ்சிக்கொண்டது. மேலே சுண்ணாம்பும் தடவினாள், அதுவும் பூச்சு போல மெல்லிசாக.

அம்மா நடுவில் ஒரு முறை வந்தாள். புளியைப் பார்த்தாள். சித்தி நிமிர்ந்து, "நல்லா கீதா அக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள். அம்மா, "ம், நல்லாதான் கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு ஆச்சரியம். கூழ்க் கைக்கே அடி விழும் வீட்டில் புளிக்கு அடி இல்லையே! புது மருமகளுக்குச் சலுகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வேளைப் பதநீர் கெடும், சித்தப்பா இவளை நாலு திட்டுத் திட்டுவார், இவள் பேச்சுக்கு இனி மதிப்பிருக்காது. அம்மா கணக்குப் போட்டது அவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் சித்தப்பா கலயங்களை இறக்கும் நேரம் பார்த்து அப்காரி சேவகர் ஆட்களோடு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார். கலயத்தின் வாயில் நுரை தள்ளியிருந்தது. அவர் மோந்து பார்த்தார்.

"இன்னாய்யா இது? பேருக்குச் சுண்ணாம்பத் தடவிக்கினு கள்ளு எறக்கறியா?"

"சாமி சத்தியமா பதனிதாங்க. இன்னாமோ ஆயிப் போச்சு" என்று சித்தப்பா கும்பிட்டார்.

கலயங்களை அங்கேயே உடைத்தார்கள். சித்தப்பாவைப் பூந்தமல்லிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். அந்தப் பருவத்துக்கு மரம் ஏறக்கூடாது என்று உத்தரவு. வந்தவர் உட்காராமலே, "கலயம் யாரு கழுவனது?" என்றார்.

"நான்தான். நல்லாதான் துலக்கனேன், அக்கா பாத்தாங்களே" என்றாள் சித்தி.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா, "நான் எங்க பாத்தேன்? அடுப்பாண்ட இருந்தேன்" என்றாள். சித்தி அம்மாவையே பார்த்தாள். அம்மா மறந்துவிட்டாளாக்கும் என்று நானும் சும்மா இருந்தேன். பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"காலெடுத்து வச்ச வேள, ஊடே நாசமாப் பூட்ச்சி. கொஞ்ச நாளு உங்கம்மா ஊட்ல இரு" என்றார் சித்தப்பா. கொஞ்ச நாள் என்றுதான் சொன்னார். வண்டி ஏறும்போது அம்மா தன் பெட்டியிலிருந்த ஒரே நல்ல புடவையைச் சித்தியின் கையில் திணித்து, கட்டிக்கொண்டு அழுதாள். நம் அம்மாவுக்குத்தான் எவ்வளவு பாசம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் அரைவயிற்றுக்குக் கூழ் குடித்தோம். மறு பருவத்தில் அனுமதி கிடைத்து, சித்தப்பா மறுபடி மரமேறினார். சித்தியின் அண்ணன் ஒரு முறை வந்து சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தான். சித்தப்பா முகம் கொடுக்கவில்லை. அம்மா நடந்ததை ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவோ நாள் இருந்தது. பெற்ற தாயை நினைக்கும்போது மனசு இப்படிக் கசக்கக் கூடாதுதான், கசக்கிறது. சித்தப்பா போய்விடுவார் என்ற அவள் பயத்தில் பாதி என் வயிற்றுக்காக என்பதால் இன்னும் அதிகமாகக் கசக்கிறது.

முதல் நாள் இறக்கிய பதநீரை ஓலை மடித்து ஊற்றி எனக்குத்தான் கொடுத்தார் சித்தப்பா. குடித்துக்கொண்டே, "நீ பூந்தமல்லிக்குப் போமாட்டியே?" என்று கேட்டேன்.

"நான் எங்க போப்போறேன்" என்றார்.

ஓடிப்போய் அம்மாவிடமும் அப்பாவிடமும் அதைச் சொன்னேன். அம்மா கலயம் தேய்க்கப் போய்விட்டாள், அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த வீட்டில் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தவள் நான் ஒருத்திதான்.