அப்பாவின் மடியில் வைத்த பிள்ளை

நண்பன் வீட்டில் ஏழாம் நாளே பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அம்மா கரண்டியோடு திரும்பினார்.

"முப்பத்தொண்டாம் நாளுக்கு முன்னம் ஆரடா பிள்ளை பார்க்கப் போறது? துடக்கு வீடெல்லே!"

"அவை நைஜீரியா ஆக்கள் அம்மா, ஹவுஸாக்காரர். அவையளுக்கு ஏழாம் நாள்தான்."

"அப்ப போ. வந்த உடன தலைக்குத் தோய். கோயில் பக்கம் போயிடாத."

புவாண்ட்-கிளேரில் ஒரே பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறோம், அவனும் நானும். இந்த நகரத்தில் என்னை வீட்டுக்குக் கூப்பிட்ட முதல் வேற்று நாட்டவன் அவன்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். அவன் வீடிருக்கும் பியர்ஃபொன்னுக்குப் போகும் நீண்ட பஸ் பயணத்திலும் ஃபோனில் அவர்கள் வழக்கங்களைப் படித்துக்கொண்டே போனேன். கோலாக் கொட்டை தந்தால் மறுக்கக் கூடாது. வலது கையால் வாங்க வேண்டும். எல்லாம் பாடம்.

காலை எட்டு மணி என்றால் எட்டுக்கே எல்லோரும் இருந்தார்கள். எங்கள் கொண்டாட்டமென்றால் அப்போதுதான் மண்டபத்துப் பூட்டுக்குத் திறப்பைத் தேடிக்கொண்டிருப்போம். இமாம் பிரார்த்தித்துப் பெயரை உரக்கச் சொன்னார். கோலாக் கொட்டை வந்தது. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. சிரித்தபடியே மென்றேன்.

பிறகு ஒரு பெரியம்மா, விருந்தாளி என்று பிள்ளையை என் கையில் தந்தார். ஒரு படம் எடுத்துக்கொண்டேன். நண்பனோ கதவோரம் யாரோ போல யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவனிடம் ஒருவரும் பிள்ளையைக் கொடுக்கவில்லையே! நேரே போய் அவன் மடியில் வைத்துவிட்டேன்.

எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவன் கைகள் விறைத்துப்போயின. பிள்ளையைத் தொடவுமில்லை, குனிந்து பார்க்கவுமில்லை. பெரியம்மா ஓடிவந்து தூக்கினார். ஒரு கிழவர் தொடையில் தட்டிச் சிரித்து அவனிடம் சொன்னார்.

"உன்ர கூட்டாளி உன்னை நல்லா மாட்டிவிட்டிட்டான்!"

பக்கத்திலிருந்தவர்தான் விளக்கினார். முதல் பிள்ளையைத் தகப்பன் பெரியவர்கள் முன்னால் கொஞ்சுவதில்லை. அது வெட்கக்கேடு. போதாததற்கு அவனுடைய மாமியாரும் ஊரிலிருந்து வந்து நிற்கிறார். நான் படித்ததில் இந்தப் பக்கம் மட்டும் இல்லை.

ஆட்டிறைச்சியும் சோறும் அருமை. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அவன் என்னோடு கதைப்பானா?

பஸ் தரிப்பு வரை கூடவே நடந்து வந்தான்.

"மன்னிச்சுக்கொள்ளு. எனக்குத் தெரியாது" என்றேன், எனக்கு வந்த பிரெஞ்சில்.

அவன் திரும்பி வீட்டைப் பார்த்தான். வாசலில் ஒருவரும் இல்லை.

"படம் எடுத்தனியெல்லோ?"

"ஓம்."

"காட்டு."

ஃபோனை இரண்டு கையாலும் வாங்கினான். பெரிதாக்கினான். மூக்கு, பிறகு காது, பிறகு மூடியிருந்த கை. மாமியார் வந்த நாள் முதல் பிள்ளையை இவ்வளவு கிட்டப் பார்க்கவில்லையாம்.

பஸ் வந்து கதவைத் திறந்தது. சாரதி எங்களைப் பார்த்தார். நான் கையசைத்துப் போகச் சொன்னேன்.

"மூக்கு ஆரைப் போல?" என்று கேட்டான், தலை நிமிராமலே.

"உன்னைப் போலத்தான்."

"சும்மா சொல்லாத. வடிவாப் பார்த்துச் சொல்லு."

அடுத்த பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் இருந்தது. இருவரும் குனிந்து வடிவாகப் பார்த்தோம்.